கையில் இருப்பதை வைத்து மாணவர் குறும்படம்: புதுச்சேரி, கடலூர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். கல்லூரியில் படிக்கிறீர்கள். நாலு வாரத்தில் படத்தை ஒப்படைக்க வேண்டும். இரண்டு நாள்தான் ஷூட்டிங்குக்குக் கிடைக்கும். கேமரா என்று பார்த்தால் ஒரு நல்ல போன், அல்லது யாரிடமாவது இரவல் வாங்கியது. பணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இந்த நிலையில் என்ன செய்ய முடியும், எது காலை வாரும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

எத்தனை நிமிடப் படம் எடுக்கலாம்?

நாலிலிருந்து ஆறு நிமிடம். டைட்டிலும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். பல திரைப்பட விழாக்கள் 40 நிமிடம் வரை குறும்படம் என்று ஏற்கின்றன என்பது உண்மைதான். அதைப் பார்த்து 20 நிமிடத்துக்கு எழுத ஆரம்பித்தால் இரண்டு நாளில் முடிக்க முடியாது. பாதிப் படம் கையில் இருக்கும்போது தேர்வு வந்து நிற்கும்.

கதையை எங்கிருந்து தொடங்குவது?

கையில் இருப்பதைப் பட்டியல் போடுவதிலிருந்து. யார் வீட்டில் இரண்டு நாள் முழுக்க எடுக்க விடுவார்கள்? யாருடைய தாத்தா தயங்காமல் கேமரா முன் உட்காருவார்? யாரிடம் சைக்கிள் கடை, ஜெராக்ஸ் கடை, தையல் கடை இருக்கிறது? இந்தப் பட்டியலை முடித்த பிறகு கதை யோசியுங்கள். கதையை எழுதிவிட்டு இடம் தேடப் போனால், இடம் கிடைக்காமலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

எழுதும்போதே செலவு முடிவாகிவிடுகிறது. 'இரவு, மழை, பேருந்து நிலையம், கூட்டம்' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்கு விளக்கு, தண்ணீர், அனுமதி, முப்பது பேர் எல்லாம் வேண்டும். முதல் படத்தில் தவிர்க்க வேண்டியவை: வெளிப்புற இரவுக் காட்சி, ஓடும் வண்டிக்குள் பேசும் காட்சி, சண்டை, ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை, நாய், மருத்துவமனை, காவல் நிலையம். சீருடை போட்ட பாத்திரம் இல்லாமல் கதை நிற்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அநேகமாக நிற்கும்.

இரண்டு அல்லது மூன்று நடிகர்கள், இரண்டு இடங்கள் போதும். இரண்டு இடங்களுக்கும் நடந்தே போக முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளில் படக்குழுவை ஒருமுறை இடம் மாற்றினால், மூட்டை கட்டிப் பிரித்து மறுபடி வைப்பதற்குள் குறைந்தது ஒன்றரை மணி நேரம் போய்விடும். காலையில் கடலூர் தேவனாம்பட்டினம், மதியம் பாண்டி பீச் என்று போட்டால் தூரம் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நாளில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும்.

நம்ம ஊர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை எடுக்கலாமா?

யார் எழுதியது என்பதைப் பொறுத்தது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவருடைய கதைகளை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுக்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரரான ஜெயகாந்தன் மறைந்தது 2015இல். அவர் கதைக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்து எழுதியதெல்லாம் இன்று பொதுச் சொத்து. ஆனால் அவர் பாட்டுக்கு ஒருவர் போட்ட மெட்டும், செய்த ஒலிப்பதிவும் பொதுச் சொத்தல்ல. உங்கள் தோழி வேறு மெட்டில் பாடிப் பதிவு செய்தால் சிக்கல் இல்லை.

உரிமை இல்லாத கதையில் பேரை மட்டும் மாற்றி எடுப்பது வழக்கமாக நடக்கிறது. விழாவுக்கு அனுப்பும்போது 'கதை உங்களுடையதா' என்று கையெழுத்துக் கேட்பார்கள். மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

ஸ்கிரிப்ட் எத்தனை பக்கம்?

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது குறிப்பிட்ட எழுத்துருவில், குறிப்பிட்ட இடைவெளியில் அடித்த ஆங்கிலத் திரைக்கதைக்கான கணக்கு. தமிழில் கையால் எழுதியதற்கு அது ஒத்துவராது. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வசனத்தை நடிக்கும் வேகத்தில் உரக்கப் படியுங்கள். வசனமில்லாத இடங்களில் அந்தச் செயலை நீங்களே செய்து பாருங்கள். 'கதவைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றுகிறான்' என்பது காகிதத்தில் அரை வரி. திரையில் 12 நொடி. மொத்தம் ஏழு நிமிடம் வந்தால் இரண்டு நிமிடத்தை இப்போதே வெட்டுங்கள். எடுத்த பிறகு வெட்டினால் அதை எடுக்கச் செலவான அரை நாள் திரும்பி வராது.

நாலு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் வாரம் கதை, இடம், அனுமதிக் கடிதம். இரண்டாம் வாரம் நடிகர்களோடு ஒத்திகை, ஷாட் பட்டியல், அரை நாள் சோதனைப் பதிவு. அந்த வாரக் கடைசியில் ஷூட்டிங். மூன்றாம் வாரம் ரஃப் கட், அதாவது ஷாட்களை வரிசைப்படுத்தி ஒட்டிய முதல் வரைவு. நாலாம் வாரம் ஒலி, நிறம், சப்டைட்டில்.

சோதனைப் பதிவைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அதே போன், அதே மைக், அதே லேப்டாப்பில் ஒரு நிமிடக் காட்சியை எடுத்து, வெட்டி, ஏற்றுமதி வரை செய்து பாருங்கள். ஒலி ஒட்டவில்லை, கோப்பு திறக்கவில்லை, மெமரி நிறைந்துவிட்டது போன்றவை எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

எத்தனை பேர் வேண்டும்?

நடிகர்களைத் தவிர ஐந்து பேர். இயக்குநர், கேமரா, ஒலி, கிளாப் அடித்துக் குறிப்பு எழுதிக் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்று) பார்ப்பவர், மற்ற எல்லாவற்றையும் பார்க்கும் மேனேஜர். சாப்பாடு, சாவி, தெருவில் வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் மேனேஜர் பொறுப்பு. ஒலிக்கென்று தனியாக ஆள் வேண்டாம் என்று முடிவெடுக்கும் குழுக்கள்தான் பின்னால் டப்பிங் பேசிக்கொண்டிருக்கின்றன. வேடிக்கை பார்க்க வரும் நண்பர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கும் சாப்பாடு போட வேண்டியிருக்கும்.

போன் கேமரா போதுமா? என்ன செட்டிங்?

போதும். தானாக மாறும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் மட்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் பெரும்பாலும் படபடக்காது. போனில் 24, 30 மட்டும்தான் இருக்கிறது என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் அதே பலன் கிடைக்கும். ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் PAL வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 வரும். ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் நான்கையும் பூட்ட இலவச செயலிகள் இருக்கின்றன. பிளாக்மேஜிக் கேமரா இரண்டு வகைப் போன்களிலும் கிடைக்கிறது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு மாடலிலும் ஓடாது. ஓடாத ஆண்ட்ராய்டு போனுக்கு ஓப்பன் கேமரா இருக்கிறது.

பட்டப்பகலில் வெளியே 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். பெரும்பாலான போன் லென்ஸ்களில் துளையைச் சுருக்க வழியில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றை மாட்டலாம். இல்லையென்றால் வெளிக்காட்சிக்கு மட்டும் ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், அவ்வளவுதான்.

இன்னும் சில: ஜூம் செய்யாதீர்கள், பக்கத்தில் போங்கள். முன்பக்க கேமரா வேண்டாம். 'போர்ட்ரெயிட்' போன்ற மங்கலாக்கும் வசதிகள் முடி ஓரத்தைக் கடித்துவிடும், அணைத்துவிடுங்கள். ஏரோபிளேன் மோடில் போடாமல் எடுத்தால் நல்ல டேக்கின் நடுவில்தான் அழைப்பு வரும். லென்ஸை ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் துடையுங்கள். கடற்கரையில் அரை மணி நேரத்திலேயே உப்புப் படலம் ஏறி, விளக்கெல்லாம் மினுங்க ஆரம்பித்துவிடும்.

விளக்கு வாடகைக்கு எடுக்கப் பணமில்லை. உள்காட்சியை எப்படி எடுப்பது?

ஜன்னலை நம்புங்கள். நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி தள்ளி உட்காரவையுங்கள். எதிர்ப்பக்கம் மூன்றடிக்கு இரண்டடி வெள்ளைத் தெர்மாகோல் ஒன்றைப் பிடித்தால் நிழல் விழும் கன்னம் தெளியும். முகம் தட்டையாகத் தெரிந்தால் தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கறுப்புப் போர்வையைப் பிடியுங்கள், ஆழம் வரும். நேர் வெயில் உள்ளே விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். ஒற்றை வேட்டி தேவலை. இரட்டை மடிப்பாகக் கட்டினால் அறை இருட்டிவிடும்.

ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒன்றாக எரிந்தால் முகத்தில் பாதி நீலமாகவும் பாதி ஆரஞ்சாகவும் விழும். ஏதாவது ஒன்றை அணையுங்கள்.

பழைய வீடு கிடைத்தால் திண்ணையை விடாதீர்கள். புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில், வைசியாள் வீதி மாதிரியான தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. மேலே கூரை, முன்னால் திறந்த தெரு, தரையிலிருந்து எகிறி வரும் மெல்லிய வெளிச்சம். காலை எட்டிலிருந்து பத்து வரை அங்கே ஒரு விளக்கும் தேவைப்படாது. கால்வாய்க்குக் கிழக்கே மஞ்சள் சுவர், காகிதப்பூ என்று எல்லோரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். கதைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் போங்கள். போனால், மஞ்சள் சுவரிலிருந்து எகிறும் வெளிச்சம் முகத்தையும் மஞ்சளாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சுவரை விட்டு ஆறேழு அடி தள்ளி நடிகரை நிறுத்துங்கள்.

பீச்சில் எந்த நேரத்தில் எடுப்பது?

நம் கடல் கிழக்கே இருக்கிறது. பாதிக் குழப்பம் இதை மறப்பதால்தான்.

காலையில் சூரியன் கடல் பக்கம். நடிகருக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டுமென்றால் முகம் இருட்டாகும், உருவம் நிழலாகும். அந்த நிழலுருவமே வேண்டுமென்றால் சூரியன் எழும் ஆறு மணியை ஒட்டிய இருபது நிமிடம் அருமை. முகம் தெரிய வசனம் பேச வேண்டுமென்றால் பிற்பகல் நாலிலிருந்து ஐந்தேகால் வரைதான் நேரம். அப்போது வெயில் மேற்கிலிருந்து, உங்கள் முதுகுப் பக்கமாக வந்து முகத்தில் விழும். கடலும் நீலமாக இருக்கும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழும். அந்த நேரத்தை உள்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'கடலில் சூரியன் மறைகிறது' என்று ஸ்கிரிப்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்கு மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. ஹாரன் இல்லாமல் எடுக்க அது நல்ல நேரம் என்று தோன்றும். ஆனால் மாலையில் கூட்டம், விடிந்த பிறகு நடைப்பயிற்சி. உண்மையில் ஆளில்லாத நேரம் விடிவதற்கு முந்தைய அரை மணி. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் மணல் அகலம் அதிகம். ஞாயிறு மாலையைத் தவிர்த்தால், கூட்டத்தை விட்டு ஒதுங்கி எடுக்க இடம் கிடைக்கும்.

படகும் வலையும் கதையில் வருகிறதா? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டு, கடலூர் துறைமுகங்களிலேயே கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் அப்போது நிறைய நடக்கும். மீனவ ஊர்களில் எடுப்பதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர்கள் சரியென்றால் அன்றைய நாள் சிக்கலில்லாமல் போகும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: மாசி மகத்தன்று வைத்திக்குப்பமும் தேவனாம்பட்டினமும் நிரம்பி வழியும். ஆடி மாதக் கடைசி வெள்ளிகளில் வீராம்பட்டினம் பக்கம் தேர்த்திருவிழாக் கூட்டம்.

ஒலி ஏன் எப்போதும் கெட்டுப்போகிறது?

மைக் தூரத்தில் இருப்பதால். போன் கேமராவில் இருக்கும் மைக் பத்தடி தள்ளி இருக்கிறது. அதற்குக் கடலும் மின்விசிறியும் வசனமும் ஒரே அளவில்தான் கேட்கும். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியவில்லையென்றால் அரை நிமிடத்தில் மூடிவிடுவார்கள். கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறதென்றால் முழுவதையும் ஒலிக்குச் செலவழிக்கலாம்.

மலிவான வழி: கம்பி வைத்த காலர் மைக் ஒன்று, இன்னொரு போன். அந்தப் போன் நடிகரின் பாக்கெட்டிலோ இடுப்பிலோ ஏரோபிளேன் மோடில் பதிவு செய்துகொண்டே இருக்கட்டும். மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். மொடமொடப்பான பருத்திப் புடவையும் புதுச் சட்டையும் உரசும். மைக்குக்கு இரண்டு பக்கமும் மைக்ரோபோர் டேப் ஒட்டி, கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே ஒட்டினால் உரசல் குறையும். பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் (சுருக்காத ஒலிக்) கோப்பு. சத்தமாகப் பேசும் இடம் பதிவுச் செயலியின் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் கிழிந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு டேக்கிலும் 'சீன் 3, ஷாட் 2, டேக் 4' என்று சொல்லிக் கையைத் தட்டுங்கள். கை சேரும் பிரேமும் அந்தத் தட்டலும் சேர்ந்தால் ஒலி ஒட்டிவிடும்.

வீட்டுக்குள் மின்விசிறி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தியவர் தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைக்கட்டும். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. பால் கெட்டுப்போனால் வீட்டுக்கார அக்கா அடுத்த நாள் கதவு திறக்க மாட்டார்.

எல்லா ஷாட்டும் முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வெட்டும்போது வசனங்களுக்கு நடுவே வரும் ஓட்டையை அடைக்க இது வேண்டும்.

கடல் தனிப் பிரச்சினை. அலையின் இரைச்சல் பேச்சோடு ஒரே அலைவரிசைகளில் கலந்து கிடக்கிறது, எந்த மென்பொருளும் சுத்தமாகப் பிரித்துத் தராது. அதோடு, இரண்டு ஷாட்டை ஒட்டினால் முதல் ஷாட்டில் அலை ஏறிக்கொண்டிருக்கும், அடுத்ததில் இறங்கிக்கொண்டிருக்கும், வெட்டு பளிச்சென்று காதில் விழும். இதற்கு மூன்று ஏற்பாடு. மைக்குக்கு மயிர் உறை போடுங்கள், பஞ்சு உறை மட்டும் கடற்காற்றைத் தாங்காது. ஒவ்வொரு வசனத்தையும், ஷாட் முடிந்ததும் அதே உணர்ச்சி ஆறுவதற்குள், கேமரா இல்லாமல் சுவர் மறைவில் மைக்கை வாயருகே வைத்து இரண்டு தடவை சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். அலைச் சத்தத்தை மட்டும் தனியாக மூன்று நிமிடம் எடுத்து, காட்சி முழுவதும் அடியில் ஓடவிடுங்கள். கடற்காற்று பிற்பகலில் வலுக்கும். நல்ல வெளிச்சமும் அந்த நேரத்தில்தான் என்பதால், பீச்சில் வசனத்தைக் குறைத்து எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே முழுத் தீர்வு.

மார்கழியில் விடியற்காலைக் காட்சி வைத்தால் கோயில் ஒலிபெருக்கியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின வாரம் அதே நேரத்தில் அந்த இடத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடி நின்று கேட்டுவிட்டு வந்தால் இதெல்லாம் முன்கூட்டியே தெரியும்.

அனுமதி எங்கே, எப்படி வாங்குவது?

முதலில் அந்த இடம் எந்த எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடக்கின்றன. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். கடலூர் சாலையில் முள்ளோடையைக் கடந்தால் கடலூர் மாவட்டம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டத்தில்தான். தெருவின் இந்தக் கோடியில் வாங்கிய கடிதம் அந்தக் கோடியில் செல்லாமல் போகலாம்.

பொதுச் சாலை, கடற்கரை என்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையமும் உள்ளாட்சி அலுவலகமும். கல்லூரி லெட்டர்பேடில், துறைத்தலைவர் கையெழுத்தோடு, பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள். கடிதத்தில் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சரியான இடம், எத்தனை பேர், என்னென்ன கருவி, போக்குவரத்தை நிறுத்த மாட்டோம் என்ற உறுதி, பொறுப்பாசிரியர் எண் இவை இருக்க வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அந்தப் பிரதி மேனேஜர் பையில் இருக்கட்டும்.

ரயில் நிலையம் வேண்டாம். புதுச்சேரி நிலையமோ திருப்பாதிரிப்புலியூரோ, அனுமதி தெற்கு ரயில்வேயிடம் வாங்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் வாய்மொழியாகச் சரி சொன்னாலும் அது அனுமதி ஆகாது. ரயில் சத்தத்தையும் ஒரு சுவரையும் ஒரு பெட்டியையும் வைத்தே பார்ப்பவரை நம்பவைக்கலாம். அரிக்கமேடு தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது, பிச்சாவரத்துக்கு வனத்துறை. இரண்டுமே மாணவர் கால அவகாசத்துக்குள் முடிவது கடினம். ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கும் பக்கம் டிரைபாட் விரித்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது வந்து நிற்பார்கள்.

தனியார் வீட்டுக்கு ஒரு பக்க ஒப்புதல் கடிதம். நடிகர்களிடம் தனியாக ஒன்று. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து. விழாவுக்கு அனுப்பும்போது இவற்றைக் கேட்பார்கள்.

தெருவில் எடுக்கும்போது முதலில் எதிர்வீட்டுக்காரரிடமும் முனைக் கடைக்காரரிடமும் போய், 'அண்ணே, காலேஜ் படம், பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுவோம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு முடியுங்கள்.

ட்ரோன் ஷாட் ஒன்று வைக்கலாமா?

வேண்டாம். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது, நகரத்தின் மேல் பறக்கவிட ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஐந்து நிமிடப் படத்தில் அந்த ஒரு ஷாட் கதைக்கு எதையும் கூட்டாது. மொட்டை மாடியிலிருந்து எடுங்கள்.

ஒரு நாளில் எத்தனை ஷாட் எடுக்க முடியும்?

அனுபவமில்லாத குழுவுக்கு ஒரு ஷாட் சராசரியாக அரை மணி நேரம் பிடிக்கும். இடம் மாற்றி வைப்பது, ஒத்திகை, மூன்று நாலு டேக் எல்லாம் சேர்த்து. எட்டு மணி நேர வேலைக்குப் பதினாறு. இரண்டு நாளுக்கு முப்பது என்று வைத்து ஷாட் பட்டியல் எழுதுங்கள். பட்டியல் நாற்பத்தைந்து வந்தால் ஸ்கிரிப்டை வெட்ட வேண்டும், ஓடி ஓடி எடுத்து ஈடுகட்ட முடியாது.

பட்டியலில் 'கட்டாயம்', 'இருந்தால் நல்லது' என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள். ஒரே திசையில் பார்க்கும் ஷாட்களை எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் கேமராவைத் திருப்புங்கள், கதை வரிசை முக்கியமில்லை. கடினமான நடிப்புக் காட்சியை முதல் நாள் காலை முதல் ஷாட்டாக வைக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் வையுங்கள், அதற்குள் எல்லோருக்கும் கூச்சம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம் யாருக்கும் ஓடாது. கை, பொருள், கதவு, கடிகாரம் போன்ற சின்ன ஷாட்களை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

அந்தச் சின்ன ஷாட்கள் எடிட்டிங்கில் உயிர் காக்கும். இரண்டு டேக் ஒட்டாத இடத்தில் டம்ளரைச் சுற்றும் விரலை நாலு நொடி காட்டினால் வெட்டு மறைந்துவிடும். காட்சிக்குக் குறைந்தது மூன்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டேக்கிலும் நடிப்பு தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் ஐந்து நொடி கேமரா ஓடட்டும்.

கன்டினியூட்டியில் எதைக் கவனிப்பது?

சட்டைக் கையின் மடிப்பு, கைக்கடிகாரம், டம்ளரில் டீயின் அளவு, விபூதி, குங்குமம். ஒவ்வொரு ஷாட் முடிவிலும் இன்னொரு போனில் நடிகரைத் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்துவையுங்கள். மல்லிகைப்பூ ஆபத்தானது. காலையில் மொட்டு, மதியம் வாடல், ஒரே காட்சியில் இரண்டும் தெரியும். ஒரே அளவில் நாலு முழம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிவைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். அல்லது பாத்திரத்துக்குப் பூவே வேண்டாம்.

நாடகத்தில் நடித்தவர்களைப் போடலாமா?

போடலாம், குரலைத் தாழ்த்தச் சொல்ல வேண்டியிருக்கும். மேடைக்குப் பழகியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவார்கள். இங்கே மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வசனத்தை எழுதியபடியே ஒப்பிக்கவைக்காதீர்கள். 'நான் உன்னிடம் ஏற்கனவே கூறினேன்' என்று கடலூரில் யாரும் பேசுவதில்லை. பொருளைச் சொல்லி, அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லச் சொல்லுங்கள். அது நன்றாக வந்தால் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.

மழை வந்துவிட்டால்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல், இரண்டுமே இந்தக் கரையில்தான் ஏறின. அந்த மாதங்களில் வெளிக்காட்சிக்கு ஈடாக அதே நாளில் எடுக்கக்கூடிய ஓர் உள்காட்சியைக் கையில் வைத்திருங்கள். லேசான தூறல் கேமராவில் தெரியாது, ஆனால் நடிகரின் தோளில் நனைந்தது தெரியும்.

செலவு எவ்வளவு ஆகும்?

பெரும்பகுதி சாப்பாடு. எட்டுப் பேர், இரண்டு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று வைத்தால் 4,000. இதில் கையை வைக்காதீர்கள். பசித்த குழு மூன்று மணிக்கு மேல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். தண்ணீர் 20 லிட்டர் கேன் நாளுக்கு ஒன்று, கோடையில் இரண்டு. மிச்சம் காலர் மைக், தெர்மாகோல், டேப், பெட்ரோல், வீட்டுக்காரருக்கு ஒரு கிலோ பழம். கேமரா வாடகைக்கு எடுத்தால் வாங்கும்போதே பழைய கீறல்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

எடுத்த கோப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

போனில் 4கே பதிவு வடிவத்தைப் பொறுத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 முதல் 400 எம்.பி. வரை பிடிக்கும். ஐந்து நிமிடப் படத்துக்கு நாற்பது நிமிடம் எடுப்பீர்கள் என்று வைத்தால் 16 ஜி.பி. வரை ஆகும். 30 ஜி.பி. காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை கேபிள் போட்டு லேப்டாப்பிலும் வெளி ஹார்ட் டிஸ்கிலும் நகலெடுங்கள். இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்காதீர்கள், அது சுருக்கிக் கெடுத்துவிடும்.

எடிட்டிங்கில் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறதே?

போன்கள் பிரேம் வேகத்தை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி மாற்றிக்கொண்டே பதிவு செய்யும். அதனால்தான் தொடக்கத்தில் ஒட்டிய ஒலி மூன்றாம் நிமிடத்தில் உதட்டை விட்டு நகர்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகம், 25 என்று கொடுத்து எல்லாக் கோப்பையும் மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். நடுவில் மாற்றினால் செய்த வேலை வீண்.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். 8 ஜி.பி. ரேம் லேப்டாப்பில் அது மூச்சு வாங்கும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், பிராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் கோப்பு) வைத்தால் பழைய கணினியிலும் ஓடும். 4கேயில் எடுத்து 1080 டைம்லைனில் வெட்டினால் ஒரு ஷாட்டை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். மைக் ஓரத்தில் எட்டிப்பார்த்த ஷாட்டெல்லாம் இப்படித்தான் தப்பிக்கும்.

இசை எதுவும் போடாமல் ரஃப் கட்டை முடியுங்கள். இசை இல்லாமல் நிற்காத காட்சி இசை போட்டாலும் நிற்காது.

சினிமாப் பாட்டை லேசாகப் பின்னணியில் போடலாமா?

யூடியூப் கண்டுபிடித்துவிடும், விழாக்கள் நிராகரிக்கும். கடை ரேடியோவில் தற்செயலாக ஓடிப் பதிவானதும் இதில் சேரும், எடுக்கும்போதே அணைக்கச் சொல்லுங்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை உண்டு. அதைவிட, வகுப்பில் வீணையோ புல்லாங்குழலோ வாசிப்பவர் ஒருவர் இருப்பார். பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசிக் கோப்பை எப்படி எடுப்பது?

எச்.264, 1080, 25 பிரேம், நொடிக்கு 20 மெகாபிட். ஐந்து நிமிடத்துக்கு 750 எம்.பி. வரும். ஆங்கில சப்டைட்டிலைத் தனி எஸ்ஆர்டி (நேரக்குறியோடு வரும் எழுத்து) கோப்பாக வையுங்கள், சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துவிட்ட பிரதி இன்னொன்று. வரிக்கு நாற்பது எழுத்தைத் தாண்டாமல், ஒரு நேரத்தில் இரண்டு வரி. தமிழ் டைட்டிலில் கொம்பும் காலும் இடம் மாறி விழுகிறதா என்று பெரிய திரையில் பாருங்கள், சில மென்பொருட்கள் தமிழ் எழுத்தைச் சிதைக்கும். அப்படி ஆனால் டைட்டிலை வேறொரு மென்பொருளில் படமாக அடித்து உள்ளே வையுங்கள். வீட்டுக்காரர் பெயரையும் முனைக் கடைக்காரர் பெயரையும் நன்றிப் பட்டியலில் போடும்போது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவர்களிடமே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின இரவு ஏற்றுமதி செய்யாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக எடுத்து, கல்லூரி அரங்கின் புரொஜெக்டரில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் தெரிந்த இருட்டுக் காட்சி அங்கே ஒன்றுமே தெரியாமல் போகலாம். பிரகாசத்தைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி எடுக்க அந்த இரண்டு நாள் போதும்.